படிக்காமல் அழித்தவை

துடைத்துவிட்ட வரிசையில் ஒன்று மிச்சம் இருந்தது.

தனிஸ்லாஸ் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். பயமெல்லாம் இல்லை. கழுவி வைத்த தட்டில் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருப்பதைப் பார்த்தால் வருமே, அந்த அருவருப்பு. அழுத்த வேண்டியதை அழுத்தியாயிற்று, 'நிச்சயமாகவா' என்று அது கேட்டதற்கு 'ஆம்' என்றும் சொல்லியாயிற்று. பிறகும் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்ற எண் நின்றுகொண்டிருந்தது.

மணி பதினொன்றே முக்கால். நவம்பர் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை, கல்லறைத் திருநாள். உப்பளத்தில் அவன் அலுவலகம் இருந்த தெருவில் விடியற்காலையிலிருந்தே சனம் போய்க்கொண்டிருந்தது. விட்டுவிட்டுப் பெய்த மழையில் குடையை ஒரு கையிலும் செவ்வந்தி மாலையை ஒரு கையிலும் பிடித்தபடி, வாளி, துடைப்பம், மெழுகுவர்த்திக் கட்டு, பின்னால் இழுபடும் பிள்ளைகள் என்று எல்லாரும் கல்லறைக்குத்தான் போனார்கள். ஜன்னல்களை இறுக்கிச் சாத்தியிருந்தும் ஒலிபெருக்கியில் செபமாலை முணுமுணுப்பாக உள்ளே வந்துகொண்டிருந்தது. நசுங்கிய ஈரப்பூவும் உருகிய மெழுகும் கலந்த வாசனை எந்தச் சந்து வழியாக நுழைந்ததோ, ஆளில்லாத அந்த முதல் மாடி முழுக்கப் பரவியிருந்தது. இருபது நாற்காலிகளில் பத்தொன்பது காலி. மூலையில் யுபிஎஸ் பெட்டி மட்டும் விடாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

தனிஸ்லாஸ் என்ன வேலை பார்க்கிறான் என்று அவன் மாமியார் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவன் சொன்னதில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பது அவன் எண்ணம். உண்மையில் அதில் கற்பூரமும் இல்லை, பெரிய வாசனையும் இல்லை. ஒரு பெரிய மருத்துவமனை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முடிவு வந்ததும் அது ஒரு கடிதமாகக் கிளம்பி வார்டு கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு மென்பொருள் அந்தக் கடிதங்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுக்கும். தனிஸ்லாஸ் எழுதுபவனும் இல்லை, கொடுப்பவனும் இல்லை. வேடிக்கை பார்ப்பவன். பிரவுசரில் கன்சோல் என்ற ஒரு பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, எந்த வரிசையில் எத்தனை காத்திருக்கின்றன, வாங்கிக்கொள்ள எத்தனை பேர் அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். எல்லாம் சரியென்றால் வட்டம் பச்சை. இல்லையென்றால் சிவப்பு.

சில கடிதங்கள் போய்ச் சேராது. வார்டில் கம்ப்யூட்டரை அணைத்திருப்பார்கள், நோயாளியைக் கட்டில் மாற்றியிருப்பார்கள். மென்பொருள் பத்து விநாடிக்கு ஒரு தரம், மூன்று தரம் முயன்று பார்க்கும். அதற்கும் வாங்க ஆளில்லை என்றால் கடிதத்தைக் கடைசி வரிசையில் ஒதுக்கிவிடும். அந்த வரிசைக்கு டெட் லெட்டர் என்று பெயர். அதை ஒருவர் திறந்து பார்த்து, யாருக்கு என்று கண்டுபிடித்து, மறுபடி அனுப்பிவைக்க வேண்டும். அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். ஆனால் ஒரு கடிதத்துக்குப் பத்து நிமிஷமாவது பிடிக்கும். வரிசை மொத்தத்தையும் ஒரே சொடுக்கில் அழிக்கும் பொத்தானுக்கோ ஒரு நொடி போதும். அதை அலுவலகத்தில் பர்ஜ் என்பார்கள். ஞாயிறு பன்னிரண்டு மணிக்குக் கன்சோலைப் படம் பிடித்து மருத்துவமனை நிர்வாகத்துக்கு அனுப்புவது வழக்கம். நாலு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூடச் சிவப்பு வந்ததில்லை. அதற்காக ஆண்டு விழாவில் அவனுக்குச் சால்வை போர்த்திக் கேடயம் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ளும்போது அவன் கூசவில்லை.

நர்ஸுகளை அவனுக்குக் கண்டாலே ஆகாது. "ரிப்போர்ட் வரல சார்" என்று போன் செய்வார்கள். அல்லது நேராகப் பரிசோதனைக் கூடத்துக்கே போன் போட்டு வாயால் கேட்டுத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்வார்கள். இத்தனை லட்சத்துக்கு ஒரு அமைப்பு எதற்கு என்று கொதித்துப்போய், இனி எந்த முடிவையும் போனில் சொல்லவோ கேட்கவோ கூடாது, திரையில் வந்தால்தான் செல்லும் என்று போன வருஷம் ஒரு சர்க்குலர் எழுதி நிர்வாகத்தின் கையெழுத்தோடு எல்லா வார்டிலும் ஒட்டவைத்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி.

இன்றைக்கு அந்த மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், பெண்கள் வார்டில், பதினான்காம் கட்டிலில் அவன் மனைவி ஸ்டெல்லாமேரி படுத்திருந்தாள். டெங்கு. காலை ஆறு மணிக்கு எடுத்த ரத்தத்தில் தட்டணுக்கள் இருபத்திரண்டாயிரம். பன்னிரண்டு மணி ரிப்போர்ட்டில் பத்தாயிரத்துக்குக் கீழே போயிருந்தால் உடனே தட்டணு ஏற்ற வேண்டும், தாமதித்தால் எங்கே ரத்தம் கசியும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"என்னங்க, இன்னிக்கு ஒரு நாளாவது அந்த ஆபீஸ விடக் கூடாதா?" என்று காலையில் அவன் கிளம்பும்போது கேட்டாள் அவள்.

"உன் ரிப்போர்ட்டே நான் அங்க உக்காந்து பாத்தாத்தான் வரும். இங்க இருக்குறதுங்களுக்கு என்னா தெரியும்?"

அவள் சிரித்தாள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. அதைப் பார்த்ததும் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பயத்தைக் கோபமாக மாற்றிக்கொள்வது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை. வெளியே வரும்போது வார்டு நர்ஸ் கவிநிலாவைக் காரணமில்லாமல் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் வந்தான்.

இப்போது இந்த ஒன்று.

மறுபடி பர்ஜ் செய்தான். பூஜ்யம். படம் பிடிக்கப் போவதற்குள் எண் மாறியது. இரண்டு.

"கோபிநாத் நாயே" என்றான். கோபிநாத் அவனுக்குக் கீழே வேலை செய்கிறவன், நல்ல பிள்ளை, நேற்றே கடலூருக்குப் போய்விட்டிருந்தான். அங்கிருந்தபடி எதையாவது நோண்டுகிறான் என்று தனிஸ்லாஸ் தீர்மானித்துக்கொண்டான். தப்பு என்று ஒன்று நடந்தால் அதற்கு ஒரு முட்டாள் இருந்தாக வேண்டும், அது தானாக இருக்க முடியாது.

மறுபடி அழித்தான். ஐந்து. மறுபடி. பதினொன்று. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஏசியின் காற்றில் மெழுகு வாசனை கொஞ்சம் கெட்டியானது போல இருந்தது. வெளியே செபமாலை நின்றுபோயிருந்தது. ஒலிபெருக்கியை யாரும் அணைக்கவில்லை, அதன் வெற்று இரைச்சல் மட்டும் வந்தது. யாரோ மைக் முன்னால் வாயைத் திறந்துகொண்டு பேசாமல் நிற்பதைப் போன்ற இரைச்சல்.

நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவன் ஒரு கடிதத்தைத் திறந்தான்.

காத்தவராயன், வயது ஐம்பத்து நான்கு. ஆண்கள் வார்டு, கட்டில் ஆறு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏழு புள்ளி இரண்டு. உடனே தெரிவிக்கவும்.

தேதி போன வருஷம் ஆகஸ்ட்.

அவன் தேதியை இரண்டு தரம் படித்தான். அதன் கீழே கொண்டுபோய்க் கொடுக்க எத்தனை தடவை முயன்றது என்ற கட்டம் இருந்தது. மூன்றுக்கு மேல் போகவே முடியாத கட்டம். அதில் முப்பத்தெட்டு லட்சத்துச் சொச்சம் என்று இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி இலக்கம் ஒன்று கூடியது. பத்து விநாடி கழித்து இன்னொன்று.

அழித்த கடிதம் அழிந்திருக்கவில்லை. அன்றிலிருந்து தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

அடுத்ததைத் திறந்தான். அஞ்சலாட்சி, அறுபத்தொன்று. சர்க்கரை இருபத்தெட்டு. உடனே தெரிவிக்கவும். அடுத்தது. சின்னப்பாப்பாவின் குழந்தை, பிறந்து நான்கு நாள், பெயர் வைக்கவில்லை. மஞ்சள் காமாலை அளவு இருபத்தாறு. உடனே தெரிவிக்கவும். அடுத்தது. அடுத்தது. எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரியாணி சாப்பிடப் போகும் முன் அவன் துடைத்துவிட்டவை. இவர்கள் என்ன ஆனார்கள் என்று அவன் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்கவில்லை.

சட்டையின் அக்குள் வியர்வையில் நனைந்தது. ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தை மூடப் போனவனின் கண் வேறொரு எண்ணில் போய் விழுந்தது. டெட் லெட்டர் வரிசையில் வாங்கிக்கொள்ள யாரும் இருக்கக் கூடாது. யாரும் கேட்காத வரிசை அது, அதனால்தான் அந்தப் பெயர். அங்கே வாங்குபவர் ஒன்று என்று இருந்தது. ஏழு. பதினொன்று. யாரென்று பார்க்க அதைச் சொடுக்கினான். கம்ப்யூட்டரின் பெயர் இருக்க வேண்டிய இடங்களில் கட்டில் எண்கள் இருந்தன. ஆண்கள் வார்டு ஆறு. பெண்கள் வார்டு மூன்று. குழந்தைகள் தொட்டில் ஒன்பது.

எல்லாவற்றையும் துண்டித்தான். அதற்கும் ஒரு பொத்தான் உண்டு. பட்டியல் காலியானது.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான். எதிர்ச் சுவரின் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐந்து. படம் அனுப்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்பதுதான் முதலில் உறைத்தது. மனிதன் அப்படித்தான் இருந்தான். ஸ்டெல்லாவின் ரிப்போர்ட் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பெண்கள் வார்டு வரிசையைத் தேடிக் கன்சோலில் மேலே போனான். அங்கே வாங்குபவர் ஒருவர்தான் இருக்க வேண்டும், கவிநிலாவின் மேசைக் கம்ப்யூட்டர். திரையில் பன்னிரண்டு என்று இருந்தது.

அவர்கள் போகவில்லை. இடம் மாறியிருந்தார்கள்.

ஒரே வரிசையில் பல பேர் வாங்க நின்றால் மென்பொருள் என்ன செய்யும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் புதுச்சேரியில் இல்லை. பந்தியில் இலைக்கு ஒன்றாக வைப்பதைப் போல ஆளுக்கு ஒரு கடிதம் வைத்துக்கொண்டே போகும். யாருக்கு வந்தது, யாருக்குப் போகிறது என்று பார்க்காது. வாங்கிக்கொண்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் கணக்கு முடிந்தது. பன்னிரண்டு இலை. அதில் ஒன்றுதான் கவிநிலாவின் இலை.

துண்டித்தான். வந்தார்கள். துண்டித்தான். வந்தார்கள்.

காத்திருப்பவை, ஒன்று.

"மாதாவே" என்றான்.

காத்திருப்பவை, பூஜ்யம். வட்டம் பச்சை.

போனை எடுத்து வார்டுக்கு அடித்தான்.

"கவிநிலா! பதினாலாம் நம்பர் ரிப்போர்ட் வந்துச்சா?"

"இல்ல சார். பாத்துக்கிட்டேதான் இருக்கேன். அக்காக்கு மூக்குல கொஞ்சம் ரத்தம் வருது சார். டாக்டர் நம்பர் கேக்குறாரு."

"லேபுக்குப் போன் பண்ணிக் கேளும்மா!"

"போன்ல கேட்டா வேலைய விட்டு எடுத்துடுவேன்னு நீங்கதான சார் காலைல கூடச் சொல்லிட்டுப் போனீங்க. லேப்லயும் சொல்ல மாட்டாங்க சார், செவுத்துல ஒட்டி வெச்சிருக்கு."

அவள் குரலில் குத்தல்கூட இல்லை. வெறும் பயம். தனிஸ்லாஸ் போனை வைத்துவிட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அடித்தான். அங்கே செம்மல் என்ற பையன் எடுத்தான்.

"நான் தனிஸ்லாஸ் பேசுறேன்பா. ஸ்டெல்லாமேரி, தட்டணு எவ்ளோ? சீக்கிரம் சொல்லு, நான் சொல்றேன், சர்க்குலர் கிடக்கட்டும்."

"அனுப்பிட்டேன் சார். வார்டுல வாங்கியாச்சுன்னு வந்துடுச்சு. வந்ததும் என் ஸ்கிரீன்ல இருந்து போயிடும், நீங்கதான அப்டி வெச்சுக் குடுத்தீங்க. இப்ப என்கிட்ட ஒண்ணும் இல்ல சார்."

"மறுபடி ஓட்டு!"

"ஓட்டுறேன் சார். நாப்பது நிமிசம் ஆவும்."

நாற்பது நிமிஷம். மூக்கில் ரத்தம்.

திரையில் எதுவோ அசைந்தது. கடைசி வரிசையில், ஆகஸ்டும் மார்ச்சும் போன வருஷமும் அடுக்கிக் கிடந்த இடத்தில், புதிதாக ஒன்று வந்து நின்றது. அவன் திறந்தான். இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் படித்தான்.

ஸ்டெல்லாமேரி, வயது முப்பத்தெட்டு. பெண்கள் வார்டு, கட்டில் பதினான்கு. தட்டணுக்கள் எட்டாயிரம். உடனே தெரிவிக்கவும்.

எண் கிடைத்துவிட்டது. எட்டாயிரம். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வார்டுக்கு அடித்தான்.

"கவிநிலா, எட்டாயிரம்! எட்டாயிரம்னு டாக்டர்கிட்ட சொல்லும்மா!"

"ஹலோ?"

"எட்டாயிரம்!"

"ஹலோ, யாருங்க? ஒண்ணும் கேக்கல." வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தான். அவள் மூச்சு விடுவதுகூட அவனுக்குக் கேட்டது. அவன் தொண்டை கிழியக் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. மூன்றாவது தரம் அடித்தபோது, "யாரோ போன் பண்ணி விளையாடறாங்க" என்று பக்கத்தில் யாரிடமோ சொல்லிவிட்டு வைத்தாள். அதன் பிறகு போன் போகவே இல்லை. காதில் ஒலிபெருக்கியின் அதே வெற்று இரைச்சல்.

படியில் உருண்டாற்போல இறங்கினான். பைக் கிளம்பியது. மழை. செவ்வந்தி மிதிபட்ட தெரு. சனம். ஹாரன் அடித்தான், யாரும் திரும்பவில்லை, யாரும் ஒதுங்கவில்லை. "செவிட்டுப் பிணங்களா!" என்று கத்தினான். ஒரு பெண்ணின் குடைக்கம்பி கன்னத்தைக் கிழித்தது. அவள் நின்றுகூடப் பார்க்கவில்லை. முதலியார்பேட்டை. சிக்னல். கடலூர் சாலை. எட்டாயிரம். மறந்துவிடக் கூடாது. எட்டாயிரம்.

லிஃப்ட் வேண்டாம். படி. இரண்டாவது மாடி.

டெட்டால் வாசனை இருக்க வேண்டிய இடத்தில் மெழுகு வாசனை.

கவிநிலா மேசையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள் போலிருந்தது. மேசைக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். கூட்டமில்லை. வரிசை. ஒருவர் பின்னால் ஒருவராக, அவசரமில்லாமல், மருத்துவமனையின் பச்சை அங்கியில். முன்னால் நின்றவர் குனிந்து அவள் காதருகே எதையோ சொன்னார். அவள் கண் திரையிலேயே இருந்தது. அவர் நிமிர்ந்து, நடந்து, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார். அடுத்தவள் ஒரு கிழவி. "இருபத்தெட்டு" என்றாள். கடைசிக்குப் போனாள். அடுத்தவள் கையில் துணிச் சுருட்டு ஒன்று. அது அசையவில்லை. "இருபத்தாறு" என்றாள்.

"ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்று இடித்துக்கொண்டு முன்னால் போனான் தனிஸ்லாஸ். அந்த நேரத்திலும் வரிசையில் நிற்பது மற்றவர்களுக்கு விதித்தது என்றே அவன் நினைத்தான். யாரும் தடுக்கவில்லை.

"பதினாலாம் நம்பர். எட்டாயிரம். கவிநிலா, எட்டாயிரம்மா."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரையைப் புதுப்பித்தாள். "இன்னும் வரலக்கா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"எட்டாயிரம்! என்னப் பாரு! எட்டாயிரம்!"

பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளைத் தொட்டது. ஐம்பது வயது தாண்டிய ஆள், உதடு நீலம் பாரித்திருந்தது. கோபமே இல்லாத முகம்.

"ஒரு தரம் சொல்லிட்டீங்கல்ல சார்" என்றார் காத்தவராயன். "பின்னால போங்க. பத்து செகண்டுல மறுபடி முறை வரும்."

தனிஸ்லாஸ் பின்னால் போனான். எப்படிப் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை, கால்கள் போயின. முறை வந்தது. சொன்னான். பின்னால் போனான். முறை வந்தது. சொன்னான். எத்தனை தரம் என்று முதலில் எண்ணினான், பிறகு விட்டுவிட்டான். உள்ளே யாரோ ஓடினார்கள். ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. டாக்டரின் குரல் உயர்ந்தது, பிறகு தணிந்தது, பிறகு எதுவும் கேட்கவில்லை. கவிநிலா எழுந்து உள்ளே ஓடினாள். காலி நாற்காலியின் முன்னாலும் வரிசை நிற்காமல் நகர்ந்தது.

வார்டுக்குள்ளிருந்து வெறுங்காலின் சத்தம் வந்தது. ஈரத் தரையில், மெதுவாக. அவன் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று தெரிந்தது. சத்தம் நேராக வந்து அவனுக்குப் பின்னால் நின்றது.

திரும்பினான்.

மூக்கிலிருந்து வாய்க்கும் வாயிலிருந்து மோவாய்க்கும் ரத்தம் வழிந்து காய்ந்திருக்க, பச்சை அங்கியில் ஸ்டெல்லாமேரி நின்றிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக அந்த மேசையைப் பார்த்துக்கொண்டு, தன் முறை வருவதற்குள் மறந்துவிடக் கூடாது என்பதைப் போல, உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாயிரம். எட்டாயிரம்.